நோய் தணிந்தது, போக வீடு எங்கே?

மனநல ஆஸ்பத்திரி ஒன்றை மனக்கண்ணால் பாருங்கள்.

மாலை நேரம். உறவினர்கள் வந்து பார்க்கும் நேரம் முடியப் போகிறது. மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வயது 40 இருக்கும். தலையைப் படிய வாரிப் பின்னியிருக்கிறாள். சேலையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறாள். அவள் கண்கள் வாசலையே பார்க்கின்றன.

அவளோடு பேசிப் பாருங்கள். பெயரைச் சொல்லுவாள். ஊரைச் சொல்லுவாள். தம்பிக்கு எந்த வருஷம் கல்யாணம் நடந்தது என்று சொல்லுவாள். புளிக்குழம்பு வைக்கும் பக்குவத்தைக்கூடச் சொல்லுவாள். "இவளுக்கா மனநோய்?" என்று நீங்கள் கேட்பீர்கள்.

ஆம், இருந்தது. காதில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. யாரைப் பார்த்தாலும் பயம் வந்தது. ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறினாள். போலீசார் கண்டெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்தார்கள். குரல்கள் அடங்கின. பயம் தெளிந்தது. டாக்டரும், "இனி இவள் வெளியே போகலாம்" என்று எழுதிவிட்டார்.

ஆனால் அழைத்துப் போகத்தான் ஆள் வரவில்லை!

இவள் நாம் கற்பனை செய்துகொண்ட ஒருத்தி. ஆனால் இவளைப்போல் இருப்பவர்கள் கற்பனை அல்ல. இந்தியாவில் 43 அரசாங்க மனநல ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்தார்கள். அதன் விவரம் 2019-ம் ஆண்டில் வெளிவந்தது. அங்கே தங்கியிருந்தவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஓராண்டோ, அதற்கு மேலோ அங்கேயே இருந்தவர்கள். இருபது, முப்பது ஆண்டுகள் உள்ளேயே கழித்துவிட்டவர்களும் உண்டு.

நோய்க்கு மருந்து இருக்கிறது. நோய் தணிந்த பிறகு தங்க ஓர் இடமும், செய்ய ஒரு வேலையும் இருக்கிறதா? இன்று நம் முன் நிற்கும் கேள்வி இதுதான்.

மருந்து எதுவரை?

மனநோய்களில் பல வகை உண்டு. கவலை, மனச்சோர்வு போன்றவை பலருக்கும் வருபவை. கடுமையான மனநோய் என்று டாக்டர்கள் சொல்வது வேறு. மனச்சிதைவு நோய் அவற்றில் முக்கியமானது. இல்லாத குரல் கேட்கும். பக்கத்து வீட்டார் சதி செய்கிறார்கள் என்று தோன்றும். எண்ணங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் சிதறும். உலகத்தில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவர் வீதம் இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

இது பேயின் வேலை அல்ல. முன்பிறவிப் பாவமும் அல்ல. பெற்றோர் வளர்த்த குறையும் அல்ல. மூளையின் செயலில் ஏற்படும் கோளாறு. சர்க்கரை நோயைப்போல் இதுவும் ஒரு நோய்தான்.

இந்த நோய் பெரும்பாலும் எந்த வயதில் வருகிறது தெரியுமா? பதினாறிலிருந்து முப்பது வயதுக்குள் வருகிறது. படிக்கும் வயது. வேலை தேடும் வயது. கல்யாணம் பேசும் வயது. நோய் வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் போனால், கூடப் படித்தவன் குமாஸ்தாவாகி இருப்பான். கூட விளையாடியவள் குழந்தையோடு நிற்பாள். இவன் மட்டும் பின்தங்கிவிடுகிறான்.

மருந்து குரல்களை அடக்கும். பயத்தைத் தணிக்கும். அதனால் மருந்து மிகவும் அவசியம். ஆனால் மருந்து வேலை வாங்கித் தராது. நண்பனைத் தேடித் தராது. காலையில் எழுந்திருக்க ஒரு காரணத்தைத் தராது.

நோயின் இன்னொரு முகமும் உண்டு. சுறுசுறுப்பு குறையும். பேச்சு குறையும். குளிக்கவும் மனம் வராது. பல வீடுகளில் இதைப் பார்த்துவிட்டு, "சோம்பேறி" என்று திட்டுகிறார்கள். அது சோம்பல் அல்ல. நோயின் மிச்சம். வெறும் மாத்திரையால் அது எளிதில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வேலையிலும் பழக்கத்திலும் ஈடுபடுத்தித்தான் அதைக் கரைக்க வேண்டும். இதற்குத்தான் மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர்.

கீழ்ப்பாக்கத்தில் நடந்த மாறுதல்

சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றாலே ஒரு காலத்தில் கேலியாகச் சிரிப்பார்கள். அங்கே இருப்பது நாட்டின் பழமையான மனநல ஆஸ்பத்திரிகளில் ஒன்று. 1794-ம் ஆண்டில் புரசைவாக்கத்தில் தொடங்கியது. 1871-ம் ஆண்டில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது.

தொடக்க காலத்தில் அது காவல் இடமாகவே இருந்தது. மனநோய்க்குச் சரியான மருந்தே அப்போது கிடையாது. 1950-களில்தான் முதல் மருந்துகள் வந்தன. அதன் பிறகுதான், "இவர்களை வெளியே அனுப்ப முடியும்" என்ற நம்பிக்கை டாக்டர்களுக்கு வந்தது.

அந்த நம்பிக்கையைச் செயலில் காட்டியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநோய் டாக்டர் என்று போற்றப்படுகிறவர். 1961-ம் ஆண்டில் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1978 வரை அங்கே இருந்தார். அவர் காலத்தில் நோயாளிகளுக்கான தொழிற் சிகிச்சை அங்கே வேரூன்றியது. நெசவு, தையல், ரொட்டி சுடுவது போன்ற வேலைகளில் நோயாளிகள் ஈடுபட்டார்கள்.

சும்மா உட்கார்ந்திருந்த கைகளுக்கு வேலை கிடைத்தது. வேலை செய்தவருக்கு, "நான் ஒரு பொருளைச் செய்தேன்" என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணமும் ஒரு மருந்துதான்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. 1984-ம் ஆண்டில் "ஸ்கார்ப்" என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். சிகிச்சையோடு தங்கும் இல்லம், தொழிற்பயிற்சி, குடும்பத்தாருக்கு ஆலோசனை எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்கு 1992-ம் ஆண்டில் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2021-ம் ஆண்டு டிசம்பரில், 98-வது வயதில் காலமானார்.

அவர் வைத்த விதை வளர்ந்திருக்கிறது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வளாகத்தில், நோயிலிருந்து தேறியவர்கள் பணிபுரியும் சிற்றுண்டிச் சாலை ஒன்றும் அண்மைக் காலத்தில் ஏற்பட்டது. பார்க்க வருகிறவர்கள் அவர்கள் கையால் காபி வாங்கிக் குடிக்கிறார்கள். ஒரு காலத்தில் கேலி செய்த ஊருக்கு இது நல்ல பாடம் அல்லவா?

ஏர்வாடித் தீ

மறுவாழ்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு கண்ணால் கண்டது.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி. ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஏர்வாடி. அங்கே தர்காவுக்கு வந்தால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல ஊர்களிலிருந்து நோயாளிகளை அழைத்து வருவார்கள். அவர்களைத் தங்க வைப்பதற்கென்று தனியார் சிலர் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு கீற்றுக் கொட்டகையில் விடியும் முன் தீப் பிடித்தது.

உள்ளே இருந்தவர்கள் ஏன் ஓடித் தப்பவில்லை? அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள்! 28 பேர் கருகி மாண்டார்கள்.

நாடே அதிர்ந்தது. அதுபோன்ற கொட்டகைகளை மூடும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. அங்கே இருந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தார்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் யார்? பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தார்தான். அவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் சிகிச்சை இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கூலிக்குப் போனால்தான் சோறு. என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவும் யாரும் இல்லை. வேறு வழி தெரியாதவர்கள், தெரிந்த வழியில் போனார்கள். வேறு வழியை நாம் உண்டாக்கி வைக்கவில்லை. குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

சட்டம் சொல்லுவது என்ன?

2017-ம் ஆண்டில் பாராளுமன்றம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சாதாரண மக்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் அது.

மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் தடை செய்கிறது.

அதைவிட முக்கியமானது 19-வது பிரிவு. மனநோய் உள்ளவருக்கும் மற்றவர்களோடு சேர்ந்து ஊரில் வாழ உரிமை உண்டு என்று அது சொல்லுகிறது. குடும்பம் இல்லை என்பதற்காக ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது. குடும்பம் ஏற்க மறுக்கிறது என்பதற்காகவும் கூடாது. வீடு இல்லை என்பதற்காகவும் கூடாது. வெளியே தங்க வசதி இல்லை என்பதற்காகவும் கூடாது.

அப்படியானால் அவர் எங்கே போவார்? அதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கும் இடைக்கால இல்லங்களையும், சிலர் சேர்ந்து வாழும் வீடுகளையும் அரசாங்கம் ஏற்படுத்த வேண்டும். அல்லது ஏற்படுத்துவோருக்கு உதவ வேண்டும். குணமடைந்தவர்களுக்கு மறுவாழ்வு இல்லங்கள் அமைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டும் மாநிலங்களை வற்புறுத்தியிருக்கிறது.

சட்டம் நல்ல சட்டம். ஆனால் காகிதத்தில் உள்ள வீட்டில் யாரும் குடியேற முடியாதே! உண்மையான வீடு எப்படி இருக்கும்? அதைச் சென்னையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

நாலைந்து பேர், ஒரு வாடகை வீடு

1993-ம் ஆண்டு. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னையில் ஒரு காட்சியைக் கண்டார்கள். கல்லூரிக்கு அருகே ஒரு பெண் மனம் பேதலித்து, அலங்கோலமாகத் திரிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு உதவ எண்ணினார்கள். ஏற்றுக்கொள்ள ஓர் இடம் தேடினார்கள். எளிதில் கிடைக்கவில்லை. "நாமே ஓர் இடம் தொடங்கினால் என்ன?" என்று நினைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் "பேன்யன்" என்ற தொண்டு நிறுவனம். பேன்யன் என்றால் ஆலமரம்.

தெருவில் திரிந்த பெண்களை அழைத்து வந்தார்கள். சிகிச்சை தந்தார்கள். மனம் தெளிந்ததும் பல பெண்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். சிலர் வடநாட்டிலிருந்து ரெயில் ஏறி வந்தவர்கள்! அவர்களை ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். செத்துவிட்டாள் என்று நினைத்த மகளைப் பெற்றோர் கட்டிக்கொண்டு அழுத காட்சிகள் எத்தனையோ.

ஆனால் எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. சிலருக்கு வீடே இல்லை. சிலரை வீட்டார் ஏற்கவில்லை. சிலருக்கு அந்த வீட்டுக்குத் திரும்ப விருப்பம் இல்லை. அங்கே பட்ட அடிதான் அவர்களை வெளியே துரத்தியது. இவர்கள் காலமெல்லாம் இல்லத்திலேயே இருக்க வேண்டியதுதானா?

இதற்கு 2015-ம் ஆண்டில் ஒரு வழி கண்டார்கள். "மீண்டும் வீடு" என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். திட்டம் மிகவும் எளிமையானது.

ஊருக்குள் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். நாலைந்து பேர் அதில் சேர்ந்து வாழ்கிறார்கள். யாரோடு யார் வாழ்வது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர் இருக்கிறார். இந்தப் பணியாளர்களில் பலர் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண்கள். டாக்டர் படிப்போ, நர்சு படிப்போ படித்தவர்கள் அல்ல. மருந்து, சிகிச்சை ஆகியவற்றைக் கவனிக்கும் ஊழியர்கள் அவ்வப்போது வந்து போகிறார்கள்.

வீட்டு வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. காவல்காரர் கிடையாது. காலையில் கோலம் போடலாம். கடைக்குப் போய் கத்தரிக்காய் பேரம் பேசலாம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம். இஷ்டப்பட்ட நேரத்தில் டீ போட்டுக் குடிக்கலாம். நமக்கு இதெல்லாம் சாதாரணம். "சாப்பாட்டு மணி அடித்தால்தான் சோறு" என்று பல ஆண்டுகள் இருந்தவருக்கு இதுதான் விடுதலை.

இல்லத்திலேயே தங்கியவர்களையும், இப்படி வீடுகளுக்குப் போனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீடுகளில் வாழ்ந்தவர்கள் அக்கம்பக்கத்தாரோடு நன்றாக ஒன்றிப் பழகினார்கள் என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம் கேரளம், மராட்டியம், அசாம் ஆகிய மாநிலங்களுக்கும் சென்றது. உலக சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உலகத்தில் பின்பற்றத்தக்க மனநலப் பணிகளில் ஒன்றாக இந்தச் சென்னைத் திட்டத்தையும் அதில் சேர்த்தது.

மனநோயாளிகள் ஊருக்குள் வாழ்வது உலகத்துக்குப் புதிதும் அல்ல. பெல்ஜியம் நாட்டில் கீல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள மாதா கோவிலுக்கு நோய் தீர வேண்டி மனநோயாளிகள் வருவார்கள். அவர்களை ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டன. இந்த வழக்கம் பல நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. 1930-களில் அந்த ஊர் வீடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் வாழ்ந்தார்கள். இப்போது எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை.

முதலில் பயிற்சியா? முதலில் வேலையா?

வீடு கிடைத்தால் போதுமா? போதாது. கையில் வேலை வேண்டும்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 1948-ம் ஆண்டில் ஒரு சங்க வீடு தொடங்கப்பட்டது. மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடியதிலிருந்து அது பிறந்தது. அங்கே வருகிறவரை நோயாளி என்று சொல்வதில்லை. உறுப்பினர் என்பார்கள். சமையல், கணக்கு, தோட்டம், கடிதம் எழுதுவது எல்லாவற்றையும் உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்தே செய்கிறார்கள். "இன்று நீ வரவில்லையே, ஏன்?" என்று கேட்க ஆள் இருக்கிறது. அதுவே பெரிய பலம். இதைப் பார்த்துப் பல நாடுகளிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின.

வேலை விஷயத்தில் முன்பு ஒரே ஒரு கருத்துதான் இருந்தது. முதலில் நன்றாகக் குணமாக வேண்டும். பிறகு மெழுகுவர்த்தி, காகிதப்பை, ஊதுபத்தி என்று ஏதாவது பயிற்சி தரவேண்டும். பல வருஷம் பயிற்சி பெற்ற பிறகு வேலைக்கு அனுப்பலாம். ஆனால் பலர் அந்தப் பயிற்சிக் கூடத்திலேயே தங்கிவிட்டார்கள். வேலைக்குப் போகும் நாள் வரவே இல்லை.

1990-களில் அமெரிக்காவில் சிலர் இதைத் திருப்பிப் போட்டார்கள். "வேலை செய்ய விருப்பமா? வா, முதலில் உண்மையான வேலையைத் தேடுவோம். வேலையில் இருந்துகொண்டே கற்றுக்கொள். பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம்" என்றார்கள். ஊக்கம் தர ஒரு துணையாளர். சிகிச்சை தரும் டாக்டர்களோடு அவர் சேர்ந்து வேலை செய்வார். முதலாளியிடமும் பேசுவார்.

பலன் என்ன? பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த முறையில் உதவி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலை பெற்றார்கள். பழைய முறையில் ஏறக்குறைய கால் பங்கினருக்கே வேலை கிடைத்தது.

அமெரிக்காவுக்குச் சரி, நமக்குச் சரிப்படுமா என்று கேட்கலாம். நம் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 1981-ம் ஆண்டு தொடங்கி, மனச்சிதைவு நோய் புதிதாக வந்த 90 பேரை டாக்டர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வேலை செய்து சம்பாதித்தார்கள். வயல், கடை, சொந்தக்காரரின் பட்டறை என்று வேலை கிடைத்தது. நம் நாட்டில் பென்ஷனோ, உதவித் தொகையோ போதிய அளவில் கிடையாது. உழைத்தே ஆக வேண்டும். ஆனால் உழைக்க இடம் கொடுத்த உறவினரும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது நகரங்களில் அந்தப் பழைய பட்டறைகள் குறைந்து வருகின்றன. வேலைக்கு மனுப் போட்டால், "நடுவில் மூன்று வருஷம் என்ன செய்தாய்?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் ஊனங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசாங்க வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு நூற்றுக்கு நான்கு இடம். அதில் ஒரு பங்கு மனநோய், மனவளர்ச்சிக் குறைவு முதலிய சில பிரிவினருக்குச் சேர்த்து ஒதுக்கப்படுகிறது. இது பல குடும்பங்களுக்கு இன்னும் தெரியாது. அரசாங்க மனநல டாக்டரிடம் சான்றிதழ் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் பரவவில்லை?

வழி தெரிகிறது. செய்தும் காட்டிவிட்டார்கள். பிறகு ஏன் ஊர் ஊராக இந்த வீடுகள் வரவில்லை?

முதல் காரணம் பயம். "இவர்கள் அடிப்பார்கள், கல்லெறிவார்கள்" என்று நினைக்கிறோம். சிகிச்சை இல்லாமல் நோய் முற்றியிருக்கும்போது சிலர் ஆத்திரப்படுவது உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிகிச்சை பெற்று அமைதியாக இருப்பவரும் அப்படித்தான் என்று எண்ணுவது தவறு. இவர்கள் பிறரை அடிப்பதைவிடப் பிறரிடம் அடிபடுவதே அதிகம். இந்தப் பயம் இருக்கும்வரை வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்புதான்.

இரண்டாவது பணம். ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குச் செலவிட அரசாங்கத்தில் பழகிய வழி இருக்கிறது. கட்டடம், உணவு, சம்பளம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. நாலு பேர் வாழும் ஒரு சிறு வீட்டுக்கு மாதா மாதம் வாடகை கொடுக்க அப்படிப் பழகிய வழி இல்லை. தொண்டு நிறுவனங்கள் நன்கொடை திரட்டி நடத்துகின்றன. நன்கொடை நின்றால் வீடு நிற்குமா? இந்தப் பொறுப்பை அரசாங்கம் நிரந்தரமாக ஏற்றால்தான் வீடுகள் பெருகும்.

மூன்றாவது அடையாளம். ரேஷன் கார்டு இல்லை. ஆதார் இல்லை. பாங்கிக் கணக்கு இல்லை. பல ஆண்டுகள் தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் இருந்தவரிடம் என்ன காகிதம் இருக்கும்? காகிதம் இல்லாதவருக்கு உதவித் தொகை கிடைப்பது கடினம். வேலை கிடைப்பதும் கடினம்.

நான்காவது, தொடக்கத்திலேயே சிகிச்சை கிடைக்காதது. 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் ஒரு தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. கடுமையான மனநோய் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவுக்குச் சிகிச்சையே பெறவில்லை என்று அது காட்டியது. சிகிச்சை தாமதமாகத் தாமதமாக, வீடும் வேலையும் கைவிட்டுப் போகின்றன. பிறகு திரும்பப் பெறுவது கடினமாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் முழுக் குணமாகிவிடுவார்கள் என்று யாரும் வாக்குறுதி தர முடியாது. சிலருக்கு நோய் மீண்டும் வரும். சில நாள் ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடும். சிலருக்குக் கடைசிவரை துணை வேண்டும். அதனால் முயற்சி வீண் என்று ஆகிவிடுமா? ஆஸ்துமா மீண்டும் வந்தால் அந்த மனிதரை வீட்டை விட்டு விலக்குகிறோமா? இல்லையே!

வீட்டார் செய்ய வேண்டியது

இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் இன்றும் தங்கள் குடும்பத்தோடுதான் இருக்கிறார்கள். ஆகவே முதல் மறுவாழ்வு இல்லம் நம் வீடுதான்.

மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். "சரியாகிவிட்டதே" என்று நிறுத்தியதால் நோய் திரும்பியவர்கள் ஏராளம். மருந்தால் கை நடுக்கமோ, அதிகத் தூக்கமோ, உடல் பருமனோ ஏற்பட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ அவர் மாற்றித் தருவார்.

வசை பாடாதீர்கள். லண்டனில் 1950-களிலும் 60-களிலும் ஆராய்ந்து பார்த்தார்கள். ஓயாமல் குறை சொல்லி ஏசும் வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பி வந்தது. எந்நேரமும் கூடவே நின்று, எல்லாவற்றையும் தாயே செய்து கொடுப்பதும் நல்லதல்ல என்று கண்டார்கள். அமைதியான பேச்சு. கொஞ்சம் இடைவெளி. அதுவே நல்லது.

சிறு பொறுப்பு கொடுங்கள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. பால் வாங்கி வருவது. பிறகு கடைக் கணக்கு எழுதுவது. பிறகு அரை நாள் வேலை. தவறு செய்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் சம்பாதித்த பணத்தை அவர் கையில் கொடுங்கள்.

கல்யாணம் செய்தால் நோய் தீரும் என்று சொல்லுவார்கள். நம்பாதீர்கள். நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம் இரண்டு குடும்பங்களைக் கெடுக்கும்.

பார்த்துக்கொள்ளும் தாய்க்கும், மனைவிக்கும், அண்ணனுக்கும் ஓய்வு வேண்டும். அவர்களும் மனிதர்கள்தான். அரசாங்க மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. "டெலி மானஸ்" என்ற அரசாங்கத் தொலைபேசிச் சேவை 2022-ம் ஆண்டில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

"எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்ற கவலை பெற்ற தாய்மார் எத்தனையோ பேரை இரவில் தூங்க விடுவதில்லை. அந்தக் கேள்விக்கு அந்தத் தாய் ஒருத்தியே பதில் தேட முடியாது. அரசாங்கம் வாடகை கொடுக்கட்டும். தொண்டர்கள் வீட்டை நடத்தட்டும். முதலாளி ஒரு வேலை கொடுக்கட்டும். நாம்? நாம் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை மறுபடி நினைத்துப் பாருங்கள். அவள் கேட்பது மாளிகை அல்ல. அவள் பெயரில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், சாவி தொங்கும் ஓர் ஆணி, காலையில் போய்ச் சேர ஒரு வேலை. அவ்வளவுதான்.

நாளைக்கே உங்கள் தெருவில் அப்படி நாலு பேர் ஒரு வீட்டுக்குக் குடிவரலாம். முதல் நாள் பால் காய்ச்சும்போது அடுத்த வீட்டிலிருந்து நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள். அப்போது கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். "சர்க்கரை இருக்கிறதா? வேண்டுமானால் தருகிறேன்" என்று கேளுங்கள்.